நோய்க்குப் பேர் உண்டு; நோயாளிக்குப் பேர் இல்லை!

இந்நாட்டிலே ஐவர் இறந்தால், அவர்களுள் நால்வரின் உயிரைக் கொண்டு செல்பவை தொற்றாத நோய்கள். மாரடைப்பு, பக்கவாதம், நீரிழிவு, புற்றுநோய், நெஞ்சுநோய் என்று அவற்றுக்குப் பேர்கள் பல. நம் பாட்டன்மார் அஞ்சி நடுங்கிய மலேரியாவை இந்நாடு வென்றது. 2016 ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றும் வழங்கிற்று. நுளம்பை வென்ற நாடு இன்று சீனிக் கரண்டியின் முன்னே தோற்று நிற்கின்றது!

கணக்கைப் பாருங்கள். 2005–2006 ஆம் ஆண்டுகளில் நாடு தழுவி நடந்த ஆய்விலே, வளர்ந்தோர் நூற்றுவருள் பதின்மருக்கு நீரிழிவு இருந்தது. 2018–2019 இல் நடந்த ஆய்விலே அத்தொகை 23 ஆயிற்று. மேலும் முப்பதின்மர் அந்நோயின் வாசற்படியில் நிற்கின்றனர். இரண்டு ஆய்வுகளும் அளந்த முறை முற்றிலும் ஒன்றன்று என வாதிடுவோர் வாதிடட்டும். காலடி எந்தத் திசையிற் செல்கின்றது என்பதில் வாதத்திற்கு இடமேயில்லை.

இதற்கு அதிகார பீடங்கள் தரும் விடை யாது? ஆண்டுக்கொரு முறை ஒரு வாரம். சுவருக்கொரு விளம்பரத் தாள். “நடவுங்கள்! சீனியைக் குறையுங்கள்! உப்பைக் குறையுங்கள்! பச்சிலை உண்ணுங்கள்!” என்று அது கூறும். இவை பொய்யான அறிவுரைகள் அல்ல. ஒவ்வொரு சொல்லும் மெய். நாமும் இக்கட்டுரையில் அவற்றையே வலியுறுத்தப் போகின்றோம். ஆயினும் நாம் வினவுவது இது: நடப்பதற்கு நேரம் யாருக்கு இருக்கின்றது? சோதிப்பதற்கு விடுமுறை யாருக்கு இருக்கின்றது? மருந்துப் பொட்டலத்திலே எழுதியிருப்பதை வாசிக்க யாரால் முடிகின்றது? நற்பழக்கம் என்பது மனவுறுதியால் மட்டும் விளைவதன்று. அது நேரத்தாலும், கூலியாலும், சந்தை விலையாலும், விளங்கும் மொழியாலும் விளைவது. இவற்றை மறுத்துவிட்டுப் பழக்கத்தை மட்டும் கேட்பவன், விதைநெல் கொடாமல் விளைச்சலைக் கேட்கும் நிலச்சுவாந்தாரை ஒப்பான்.

எம்பிலிப்பிட்டியவை எடுத்துக்கொள்வோம். சபரகமுவ மாகாணத்தின் தென்கோடியில், மலைநாடும் உலர்வலயமும் சந்திக்கும் ஊர் இது. மேலே இறக்குவானை, கொலொன்ன, கொடகவெலப் பக்கத்துச் சரிவுகளிலே தேயிலை. கீழே, 1960 ஆம் ஆண்டுகளில் எழுந்த உடவளவை நீர்த்தேக்கத்தின் வாய்க்கால்கள் பாயும் நெல்வயல்களும் வாழைத் தோட்டங்களும். சற்றுத் தொலைவிலே, செவனகலையில் கரும்புக் காடும் சீனித் தொழிற்சாலையும். கொழுந்து பறிப்பவள், நெல் விளைப்பவன், அலுவலகத்தில் இருந்து எழுதுபவன், கடையில் இருந்து நிறுப்பவன் ஆகிய நால்வரும் ஒரே நகருக்கு ஒரே பஸ்ஸில் வருகின்றனர். நால்வரையும் ஒரே நோய் தேடுகின்றது. ஆனால் நால்வருக்கும் ஒரே நீதி கிடைக்கின்றதா?

பணக்கார நோய் என்னும் பொய்

“நீரிழிவு உண்டு கொழுத்தவனின் நோய், லயத்திலே அரை வயிற்றோடு கிடப்பவனை அது அண்டாது” என்பார் இன்னும் நம்மிடையே உளர். இது பழைய பொய். உயிரைக் குடிக்கும் பொய்.

இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் என்னும் மருத்துவ அறிஞர், கருவிலே போசாக்குக் குன்றிக் குறைந்த எடையோடு பிறந்த குழந்தைகளே பிற்காலத்தில் இதயநோய்க்கும் நீரிழிவுக்கும் மிகுதியாக இலக்காகின்றனர் என எடுத்துக் காட்டினார். பூனா நகரின் மருத்துவ அறிஞர் யாஜ்னிக், 1993 முதல் கிராமத்துத் தாய்மாரையும் அவர்தம் குழந்தைகளையும் தொடர்ந்து ஆராய்ந்தார். எடையில் மெலிந்த அக்குழந்தைகளின் உடம்பிலே தசை குறைவு, கொழுப்போ குறையவில்லை. வெளித்தோற்றத்தில் ஒல்லி, உள்ளே கொழுப்பு. காரணம் விளங்குவதற்கு அரியதன்று. கருவிலே பசி கண்ட உடம்பு, மூளையைக் காப்பதற்காகத் தசையையும், இன்சுலினைச் சுரக்கும் கணையத்தையும் குறைத்துக் கட்டிக் கொள்கின்றது. பஞ்சத்திற்கென அமைந்த அவ்வுடம்புக்குப் பிற்காலத்தில் மாவும் சீனியும் கொட்டப்பட்டால், குறுகிய வாய்க்காலில் வெள்ளம் பாய்ந்த கதைதான்.

1973–1974 ஆம் ஆண்டுகளிலே நம் தோட்டங்களை வாட்டிய பட்டினியை முதியோர் மறந்திலர். அரிசியும் மாவும் அருகி, மக்கள் கிழங்கையும் இலையையும் அவித்துண்ட காலம் அது. அக்காலத்துத் தாய்மாரின் வயிற்றிலிருந்த சிசுக்கள் இன்று ஐம்பதைக் கடந்தவர்கள். அவர்களைத்தான் இன்று மாரடைப்பும் நீரிழிவும் வாயிலில் நின்று அழைக்கின்றன. அன்று பசியாக வந்த கொடுமை, இன்று சீனி நோயாகத் திரும்பி வந்து வட்டி கேட்கின்றது. இத்தகைய மக்களைப் பார்த்து, “உன் வாயைக் கட்டாததால் வந்த வினை” என்று பழி கூறுவது அறமாகுமா?

ஆதலால் ஒல்லியாக இருப்பவர் தமக்கு நோயில்லை எனத் தாமே தீர்ப்புக் கூறிவிடலாகாது. வயிறு முன்தள்ளியிருப்பின், தாய் தந்தையருக்கு இந்நோய் இருந்திருப்பின், கருவுற்ற காலத்திற் சீனி கூடியிருப்பின், எடை எதுவாயினும் சோதித்தே தீர வேண்டும்.

உழைப்பும் நாற்காலியும்

இன்னொரு கூட்டத்தார், “உழைக்கும் உடம்புக்கு நோய் வாராது” என்பர். இதிலே பாதி உண்மை உண்டு. 1953 இல் ஜெரி மொரிஸ் என்னும் அறிஞர் இலண்டன் நகரின் பஸ் ஊழியரை ஆராய்ந்து ஓர் உண்மையை உலகுக்கு உரைத்தார். நாள் முழுதும் இருக்கையில் அமர்ந்திருந்த சாரதிகளைவிட, இருதட்டு பஸ்ஸின் படிகளில் ஏறியிறங்கிச் சீட்டு விற்ற நடத்துநர்க்கு மாரடைப்புக் குறைவாக இருந்தது. ஒரே பஸ், ஒரே வீதி, ஒரே நிருவாகம்; நாற்காலி ஒன்றே வேற்றுமை.

கறுப்புக் கோட்டு அணிந்த நம் தோழர்களும், ஆசிரியப் பெருமக்களும், எழுதுவினைஞரும், வங்கி உத்தியோகத்தரும் இதனை நெஞ்சிற் பதித்துக்கொள்ள வேண்டும். நீதிமன்றத்திலே மணிக்கணக்காக வாதாடும் நாம், நம் உடம்பின் வழக்கிலே ஒரு தவணைகூட ஆஜராவதில்லை. கிழமைக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரைமணி நேரம், மூச்சு வாங்கும் வேகத்தில் நடந்தாற் போதும். அதற்குத் துட்டுச் செலவில்லை; உபகரணம் வேண்டா.

உழவர் பெருமக்களும் ஏமாந்துவிடக் கூடாது. எருமை உழுத வயலில் இன்று உழவு இயந்திரம் ஓடுகின்றது. வரப்பில் நடந்தவன் மோட்டார் சைக்கிளில் செல்கின்றான். வேலை குறைந்தது, சோற்றின் அளவு குறையவில்லை. மூன்று வேளையும் தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டிக் கறி என்பது ஏர்பிடித்த காலத்தின் கணக்கு.

தோட்டத் தாய்மார் நடக்கின்றனர், சுமக்கின்றனர், ஏறுகின்றனர். அவ்வுழைப்பு ஒரு காப்பே. ஆயினும் அவர்கள் உண்பது யாது? அங்கேதான் அடுத்த வழக்கு எழுகின்றது.

மாவும் சீனியும் எவர் தந்த சீதனம்?

விடியுமுன் எழுந்து கோதுமை மாவைப் பிசைந்து உப்பிட்டு ரொட்டி தட்டி, சம்பலோடு உண்டு, சீனி நிறைந்த தேத்தண்ணீரைக் குடித்துப் பிரட்டுக்களத்திற்கு ஓடுவது தோட்டத்தின் வழமை. அது பிறவியில் வந்த சுவை என்று எண்ணிவிடாதீர்கள். கோதுமை இந்த மண்ணில் விளைவதன்று. கப்பலில் வந்தது, பங்கீட்டில் வந்தது, தோட்டத்துக் கடையில் கடனுக்கு வந்தது. பின்னர் 1977 இல் அரசாங்கம் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழித் திருகோணமலையில் எழுந்த பெரும் ஆலையிலிருந்து நாடெங்கும் பரவிற்று. சமைக்க நேரமற்றவளுக்கு, விறகு குறைந்தவளுக்கு, மலிவாய், விரைவாய் வயிறு நிரப்புவது மா ஒன்றே. ஆதலின் அது அவளின் பழக்கமாயிற்று. பழக்கத்தை நேரமும் விலையுமே வகுத்தன, அவள் வகுக்கவில்லை.

சீனியின் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். ஒரு கோப்பைத் தேத்தண்ணீருக்கு மூன்று தேக்கரண்டி. நாளுக்கு ஐந்து கோப்பை. பதினைந்து கரண்டி, கரண்டிக்கு 4 கிராம் என்றாலும் 60 கிராம் ஆகின்றது. வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு உட்கொள்ளத்தக்க சேர்த்த சீனி 50 கிராமுக்கு மேற்படலாகாது, 25 கிராமுக்குள் நிற்பின் மிக நன்று என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. பணிசும் பிஸ்கட்டும் சோடாவும் இக்கணக்கிற் சேரவில்லை! உலகத்துக்குத் தேயிலை கொடுத்தவள், அத்தேயிலையின் தூசியைச் சீனியிற் கரைத்துக் குடித்து நோயைப் பெறுகின்றாள்.

இதில் அரசாங்கத்தின் கை இல்லையென எவர் கூற முடியும்? 2017 நவம்பரிலே, இனிப்புப் பானங்களில் உள்ள சீனிக்குக் கிராமுக்கு 50 சதம் என வரி விதித்தார்கள். நல்ல சட்டம், பாராட்டினோம். பின்னர் அதனைத் தளர்த்தினார்கள். 2020 ஒக்டோபரில், இறக்குமதிச் சீனிக்குக் கிலோவுக்கு 50 ரூபாயாக இருந்த விசேட வியாபாரப் பண்ட வரியை 25 சதமாக வெட்டினார்கள். அதனால் அரசிறை இழந்தது ஏறத்தாழ 1,590 கோடி ரூபாய் என்னும் கணக்கு, பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழுவின் முன்னே வந்தது. வெட்டிய வரியின் பயன் ஏழையின் கடைக்கணக்கை எட்டவேயில்லை. 2023 நவம்பரில் அவ்வரி மீண்டும் 50 ரூபாய் ஆயிற்று. ஒரு கையெழுத்திலே போன அந்தப் பணத்தில், எத்தனை தோட்டத்து மருந்துச் சாலைகளிலே இரத்தச் சோதனைக் கருவியும், அழுத்தமானியும், பயிற்சி பெற்ற தாதியும் அமர்ந்திருக்கலாம்! சீனியால் வந்த வரி, சீனி நோயைத் தீர்க்கச் செலவாக வேண்டும் என்பது பேராசையா?

‘பேர்’ என்னும் ஒரு சொல்

இனி இவ்வழக்கின் நடுப்புள்ளிக்கு வருவோம். தோட்டத்து வழக்கிலே ‘பேர்’ என்பது மனிதனின் பெயர் மட்டுமன்று. ஒரு நாள் வேலையின் கூலிக் கணக்கும் அதுவே. செக்ரோலில் விழும் குறி அது. முழு நாள் வேலை செய்து நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர், வராவிட்டால் பேரே இல்லை.

2011 முதல் அரசாங்கம் நாடெங்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களை நிறுவி, முப்பத்தைந்து வயதைக் கடந்தோர்க்கு இரத்த அழுத்தம், சீனி, எடை முதலியவற்றை இலவசமாகச் சோதித்து வருகின்றது. இது நாட்டிற்குப் பெருமை தரும் திட்டமே. ஆனால் அவற்றின் கதவுகள் பெரும்பாலும் திறப்பது வேலைநாட் காலையில். கொழுந்துக் கூடையும் ஏறுவது அதே காலையில்! வெறும் வயிற்றோடு வரச் சொல்கின்றார்கள், மலையிறங்கிப் பஸ் பிடித்து, வரிசையில் நின்று, இரத்தம் கொடுத்துத் திரும்பினால் நாள் போயிற்று, பேரும் போயிற்று. மாதத்திற்கொரு முறை கிளினிக்குக்குச் செல்லும் நோயாளி, மாதத்திற்கொரு நாட் கூலியைத் தண்டமாகச் செலுத்துகின்றாள். மருந்து இலவசம், மருந்தை வாங்கும் நாள் இலவசமன்று. நோய்க்குப் பேர் உண்டு. நோயாளிக்குப் பேர் இல்லை!

சட்டம் என் கூறுகின்றது? 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம், கடையில் நிற்பவனுக்கும் அலுவலகத்தில் இருப்பவனுக்கும் நோய் முதலிய காரணங்களுக்காகச் சம்பளத்தோடு விடுமுறை வகுத்தது. தோட்டத் தொழிலாளியை ஆளுகின்ற 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமோ, ஆண்டு விடுமுறையைப் பேசுகின்றது, நோயைப் பேசவில்லை. எம்பிலிப்பிட்டிய நகரின் துணிக்கடையில் நிற்கும் அண்ணனுக்கு மாரடைப்பு வந்தால் சட்டம் அறியும். மலையில் நிற்கும் தங்கைக்கு வந்தால் சட்டத்தின் செவி கேளாது! ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கு இரண்டு நீதியா?

இம்மக்களைப் பதிவேட்டிலிருந்து நீக்குவது புதிதன்று. 1949 இல் வாக்காளர் இடாப்பிலிருந்து அவர்தம் பெயர் வெட்டப்பட்டது. இதே சபரகமுவ மாகாணத்தின் ருவன்வெல்லைத் தொகுதியில் எழுந்த கோடகன் பிள்ளை வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்று 1953 இல் தோற்றது. நாடற்றோர் என்னும் அவப்பெயர் தீர 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. 1970 ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992 இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. உடைமை கைமாறிக்கொண்டேயிருந்தது, கிராமத்தவனுக்கு அரசாங்கம் பொறுப்பேற்ற வைத்தியம் தோட்டத்தவனுக்கு மட்டும் நெடுங்காலம் நிருவாகத்தின் தயவாகவே விடப்பட்டது. வாக்காளர் இடாப்பில் இடம் பெற்றுவிட்டோம். நோயாளர் இடாப்பில் இடம் பெறுவது எப்போது? சோதிக்கப்படாதவன் கணக்கில் வாரான்; கணக்கில் வாராதவனுக்கு மருந்தும் ஒதுக்கப்படாது.

விளங்காத மொழியில் வந்த மருந்து

நீரிழிவு ஒரு நாள் மருந்தால் தீரும் காய்ச்சலன்று. எந்த மாத்திரை உணவுக்கு முன், எது பின், எது இரவில், மயக்கமும் வியர்வையும் கண்டால் என் செய்வது என்பதையெல்லாம் நோயாளியே அறிந்து நாள்தோறும் நடத்த வேண்டிய நோய் இது. சிங்களத்தில் எழுதிய பொட்டலத்தைத் தமிழ்த்தாய் ஒருத்தி எங்ஙனம் வாசிப்பாள்? இரண்டு மாத்திரையை ஒன்றென எண்ணினால் நோய் கூடும். ஒன்றை இரண்டென எண்ணினால் உயிரே போகும்.

இங்கே நாம் சலுகை கேட்கவில்லை. 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988 இன் பதினாறாம் திருத்தத்தால் அமைந்த அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியிலும் ஒருவர் அரச உத்தியோகத்தரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் மறுமொழி பெறவும் உரிமை அளிக்கின்றது. அரசகரும மொழிகள் ஆணைக்குழு 1991 ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்டது. முறைப்பாட்டை அங்கே எழுதலாம். மாவட்டத்துத் தமிழ் வழக்கறிஞர்களே! கிளினிக் அட்டையும் மருந்துப் பொட்டலமும் தமிழில் வரும்வரை, ஆளுக்கொரு முறைப்பாட்டைக் கட்டணமின்றி எழுதிக் கொடுப்பது நம் தொழிலின் கடமையன்றோ? இதிலே சிங்கள வைத்தியரோடும் தாதியரோடும் நமக்குப் பகையில்லை. நெரிசலில் நின்று உயிர் காக்கும் அவர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கிடைத்தால் வேலை எளிதாகும்.

‘முதலிற் கூலி, பிறகு சீனி’ என்போர்க்கு

நம் அணியிலேயே ஒரு சாரார், “முதலிற் கூலியும் காணியும் வரட்டும், உடல்நலம் தானே பின்வரும், இப்போது சீனிக் கரண்டியைப் பற்றிப் பேசுவது போராட்டத்தைத் திசைதிருப்பும்” என்கின்றனர். இவர்களோடும் நாம் உடன்பட இயலவில்லை. கூலி கூடியும் பழக்கம் மாறாவிடின், கூடிய கூலி சோடாப் போத்தலுக்கும் சாராயத்திற்கும் செல்லும். செல்வம் பெருகிய நகரங்களிலே நோய் குறைந்ததா? 2005–2006 ஆய்விலே கிராமத்தில் நூற்றுக்கு ஒன்பதளவும், நகரத்தில் பதினாறளவும் அல்லவா நீரிழிவு காணப்பட்டது? காணி உறுதி கைக்கு வரும் நாளிலே, அதனை வாங்கக் கால் இன்றி, கண் இன்றி, குடும்பத் தலைவர் கிடந்தால் அவ்வெற்றி எவருக்கு?

மக்கள் பழக்கத்தையும் அரசின் நெறியையும் ஒருங்கே மாற்றிய சான்று உலகில் உண்டு. பின்லாந்து நாட்டின் வடகரேலியா என்னும் மாவட்டம் உழவரும் மரம் வெட்டுவோரும் வாழ்ந்த ஏழைப் பகுதி. அங்கே ஆண்கள் நடுவயதிலேயே மாரடைப்பால் மடிந்தனர். 1971 இல் அம்மக்கள் மனு எழுதி அரசாங்கத்திடம் சென்றனர். 1972 இல் பெக்கா புஸ்கா என்னும் இளம் வைத்தியரின் தலைமையில் வேலை தொடங்கிற்று. வெண்ணெயும் உப்பும் புகையும் குறைந்தன. பால்பண்ணை உழவர் பழச் செடியும் நட்டனர். கடைகளும் தொழிற்சாலைகளும் இணங்கின. நாற்பது ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரணம் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வீழ்ந்தது. வீட்டு அடுப்பும் சட்டசபையும் சேர்ந்தே அங்கு வென்றன.

சீனாவின் தாச்சிங் நகரிலே 1986 இல், நோயின் வாசலில் நின்ற 577 பேரைச் சேர்த்து, உணவும் நடையும் கற்பித்து ஆறாண்டு நடத்தினர். முப்பது ஆண்டு கழித்துப் பார்க்கையில், கற்றோர்க்கு நோய் ஏறத்தாழ நான்காண்டு பிந்தி வந்தது. இதய, இரத்தக்குழாய் நோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நம் சென்னையிலே ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006 இல் வெளியிட்ட ஆய்விலும், பழக்கத்தை மாற்றியோர்க்கு நோய் வருவது நூற்றுக்கு 28 அளவு குறைந்தது. சோறும் சாம்பாரும் உண்ணும் தமிழ் உடம்பிலேயே இது மெய்ப்பிக்கப்பட்டது! ஆகவே கூலிப் போராட்டமும் கரண்டிப் போராட்டமும் ஒரே வண்டியின் இரு மாடுகள்.

நம் கையில் உள்ளவை

உரிமை வரும்வரை கைகட்டி நிற்பதும் ஓர் அடிமைத்தனமே. இன்று மாலையே தொடங்கத்தக்கவை பல உள.

தேத்தண்ணீரின் சீனியைக் கிழமைக்கு அரைக்கரண்டியாகக் குறைத்து வாருங்கள். நாக்குச் சில கிழமைகளிற் பழகிவிடும். கருப்பட்டியும் சர்க்கரையும் சீனிக்கு மாற்றல்ல, அவையும் சீனியே. தட்டிற் பாதியைக் கீரையும் மரக்கறியும் நிரப்பட்டும். காற்பங்கு பருப்பு, பயறு, கௌபி, மீன், முட்டை. எஞ்சிய காற்பங்கே சோறோ ரொட்டியோ. வல்லாரையும் முருங்கையும் பொன்னாங்கண்ணியும் லயத்தின் ஓரத்திலேயே முளைக்கும். நம் உலர்வலயச் சேனைகளில் விளையும் குரக்கனைக் கோதுமை மாவோடு பாதிக்குப் பாதி சேர்த்து ரொட்டி தட்டலாம். ஆயின் குரக்கனென்று நாலு ரொட்டி தின்றால் பயனில்லை. உப்பு எல்லாம் சேர்த்து ஆளுக்கொரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள், நிற்கட்டும். கருவாடும் சம்பலும் உண்ணும் நாளில் ரொட்டியில் உப்பு வேண்டா.

புகையிலையை எவ்வடிவிலும் விடுங்கள். பீடியும் சிகரெட்டும் இரத்தக்குழாயைச் சுருக்கும். வெற்றிலையோடு மெல்லும் புகையிலை வாயை அரிக்கும். கசிப்பும் சாராயமும் கூலியை மட்டுமா குடிக்கின்றன? அழுத்தத்தையும் ஏற்றுகின்றன.

முப்பத்தைந்தைக் கடந்த ஒவ்வொருவரும் தம் எண்களை அறிந்திருக்க வேண்டும். வெறும் வயிற்றுச் சீனி 126 ஐ எட்டினால், மீண்டும் சோதித்து உறுதி செய்ய வேண்டிய நீரிழிவு. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. அழுத்தம் 140க்கு 90 ஐ எட்டினால் வைத்தியரைக் காண்க. உடம்பில் ஒரு துன்பமும் தோன்றாதபோதே இவ்விரண்டும் கண்ணையும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் அரித்துக்கொண்டிருக்கும். தொடங்கிய மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. பாகற்சாறும் கொத்தலஹிம்புட்டுக் கோப்பையும் போதும் என்று சொல்லி மாத்திரையை வீசச் சொல்பவன், வைத்தியனாயினும் சோதிடனாயினும், உங்கள் பகைவன்.

கால்களைக் காத்திடுக! நீரிழிவாளனின் காலிலே உணர்ச்சி மங்கும். மலையில் அட்டை கடித்த புண்ணும், வயலில் ஒட்டு வெட்டிய காயமும் அவனுக்கு நோவில்லாமலே புரையோடும். இரவுதோறும் பாதத்தைக் கழுவித் துடைத்து, விளக்கின் முன்னே பார்ப்பது ஒரு நிமிட வேலை. ஒரு காலைக் காக்கும் வேலை. வெறுங்காலோடு மலையேறும் வழமைக்கு முடிவு கட்டுங்கள். காலணி தருவது தோட்டத்தின் கடமையெனக் கோருங்கள்.

நெஞ்சை அழுத்தும் வலி, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, குளிர் வியர்வை கண்டால் வாயுவென எண்ணி இஞ்சித் தண்ணீரோடு காத்திராதீர்கள். பெண்களுக்கும் நீரிழிவாளர்க்கும் வலியின்றிக் களைப்பும் மூச்சுத் திணறலுமாகவே அது வரக்கூடும். 1990 என்னும் எண்ணை அழையுங்கள். 2016 இல் தொடங்கிப் பின் நாடெங்கும் பரவிய சுவசெரிய நோயாளர் வண்டிக்குக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு லயத்தின் சுவரிலும் அவ்வெண்ணை எழுதி வையுங்கள்.

நம் சங்கக் கூட்டங்களுக்கும் ஒரு சொல். தொழிலாளரின் உயிரைப் பற்றி மேடையில் முழங்கிவிட்டு, வந்தோர்க்குச் சோடாவும் கேக்கும் வழங்குவது முரண்பாடன்றோ? இனி நம் கூட்டங்களிலே சீனியில்லாத் தேநீரும் அவித்த பயறும் போதும். கலியாண வீட்டிலும் கோயில் அன்னதானத்திலும் அவ்வாறே தொடங்கட்டும்.

நாம் கேட்பவை

முதலாவது, கிளினிக் அட்டையில் வைத்தியசாலையின் முத்திரை விழுந்த நாள், செக்ரோலில் முழுப் பேராக விழ வேண்டும். சம்பளச் சபைகள் சட்டம் அதற்கெனத் திருத்தப்படட்டும். அதுவரை கூட்டு ஒப்பந்தத்தில் எழுதப்படட்டும். இரண்டாவது, கிளினிக் மலையேறி வரட்டும்: பிரட்டுக்களத்திலும் ஞாயிற்றுச் சந்தையிலும் சோதனை நடக்கட்டும். மூன்றாவது, ஒவ்வொரு மருந்துப் பொட்டலமும் நோயாளியின் மொழியில் பேசட்டும். நான்காவது, சீனி வரியின் பணம் சீனி நோயைத் தீர்க்கச் செல்லட்டும். ஐந்தாவது, வளவைச் சமவெளியின் நெல்லும் பயறும் குரக்கனும் கூட்டுறவுக் கடை வழியாகத் தோட்டத்திற்கு நேரே ஏறட்டும். உழவனுக்கு விலையும், தொழிலாளிக்கு உணவும் ஒருங்கே கிட்டும்.

இவற்றுள் எதுவும் ஆகாயக் கோட்டையன்று. ஒரு கூட்டு ஒப்பந்தத்தின் ஒரு வரி. ஒரு வர்த்தமானியின் ஒரு பக்கம். ஒரு பொட்டலத்தின் ஒரு சீட்டு. இவ்வளவே கேட்கின்றோம். இதனையும் மறுப்போர், அடுத்த சுகாதார வாரத்தில் “நடவுங்கள்” என விளம்பரத் தாள் ஒட்டவரும்போது, “எந்த நேரத்தில்?” என்று அவர்களை முகத்துக்கு நேரே கேளுங்கள். விடை வரும்வரை கேட்டுக்கொண்டேயிருங்கள்!